பழைய சிங்கமா, புதிய சிங்கமா? அனிமேஷன் ரீமேக்குகளைப் பார்க்கவும் பேசவும் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் நாலு பேர் சேர்ந்து ஓர் அனிமேஷன் ரீமேக்கைப் பார்த்தால், படம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிப் போடுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "பழையது போல வராது" என்பார் ஒருவர். "சின்ன வயதில் பார்த்தது, அதனால்தான் அப்படித் தெரிகிறது" என்பார் அடுத்தவர். பிறகு பேச்சு வேலை, விசா, வெயில் என்று போய்விடும். இந்த இரண்டு வாக்கியங்களிலும் படம் இல்லை. முதலாவதில் இருப்பது பேசுபவரின் பிள்ளைப் பருவம். இரண்டாவதில் இருப்பது அதைப் பற்றிய கேலி.

அந்த இடத்தைத் தாண்டிப் பேச விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரைப்படக் கல்வி எதுவும் தேவையில்லை. ஒரு திரை, ஒரு கொப்பி, ஒரே காட்சியை மூன்று தடவை பார்க்கும் பொறுமை ஆகியவை போதும். நான் கையால் வரைந்த படங்களின் கட்சி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் தீர்ப்புகளிலிருந்து அந்தச் சாய்வைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோடியை எடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நீண்ட பட்டியலோடு தொடங்குவார்கள். மூன்றாவது படத்தோடு பட்டியல் மூலைக்குப் போய்விடும். ஒரு பழைய படம், அதன் ஒரு ரீமேக், அவ்வளவுதான். என் பரிந்துரை 'த லயன் கிங்'. ரொஜர் அல்லர்ஸும் ரொப் மின்கொஃபும் இயக்கிய 1994ஆம் ஆண்டுப் படம் 88 நிமிடம். ஜொன் ஃபவ்ரோ இயக்கிய 2019ஆம் ஆண்டுப் படம் 118 நிமிடம். அரை மணி நேரம் கூடியிருக்கிறது. அந்த அரை மணியில் என்ன கூடியது என்பதே உங்கள் கொப்பியில் எழுத வேண்டிய முதற்கேள்வி.

இந்தச் சோடியில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதிய படத்தைப் பலரும் 'உண்மையான விலங்குகளை வைத்து எடுத்தது' என்ற நினைப்பிலேயே பார்க்கிறார்கள். தொடக்கத்தில் வரும் சூரிய உதயக் காட்சி ஒன்றுதான் கமெராவால் பிடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் கணினியில் உருவானவை. ஆகவே அதுவும் அனிமேஷன் படமே. ஒன்று வரைந்தது என்று தெரியும்படி வரைந்தது, மற்றது வரைந்தது தெரியாதபடி வரைந்தது. இதை மனதில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை குறையும்.

சிங்கம் அலுத்தவர்கள் 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தின் 2010, 2025 வடிவங்களை எடுக்கலாம். இரண்டிலும் இயக்குநராக டீன் டெபுளொய் இருக்கிறார். முதல் படத்தில் கிறிஸ் சாண்டர்ஸ் உடன் இயக்கினார். நாயகனின் தந்தைக்கு அனிமேஷனில் குரல் கொடுத்த ஜெராட் பட்லரே புதியதில் அந்த வேடத்தில் நேரடியாக நடிக்கிறார். ஒரே மனிதர் தன் படத்தையே திரும்ப எடுக்கும்போது எதைத் தொடாமல் விட்டார் என்று பார்ப்பது தனிச் சுவை. தொலைக்காட்சித் தொடர்களைத் தொடக்கத்தில் தொடவேண்டாம். 61 அத்தியாயம் கொண்ட தொடரை ஒப்பிட உட்கார்ந்தால் அடுத்த நல்லூர்த் திருவிழாவும் வந்துவிடும்.

பார்க்கும் ஒழுங்கு

பழையதை முதலில் பாருங்கள். புதியதை அதே இரவில் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டால், பழையதில் மனதில் தங்கியது எது, நழுவியது எது என்று தெரியும். மூல நூல் ஏதாவது இருந்தால் அதைக் கடைசியாக வாசியுங்கள். முதலில் வாசித்தவர் படம் முழுவதும் கணக்காய்வாளர் போல உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதி இருக்காது.

ஒரே காட்சி, மூன்று தடவை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. படம் முழுவதையும் ஒப்பிட முயலாமல் மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். முதல் தடவை வழமைபோலப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை நிறுத்திப் பாருங்கள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். முகம், வெளிச்சம், நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிங்கக் கதையில் சித்தப்பன் ஸ்கார் சதித்திட்டம் போடும் பாடலை எடுத்துக்கொள்வோம். 1994இல் பச்சைப் புகை எழும்புகிறது. கழுதைப்புலிகள் வரிசை வரிசையாகக் காலை வீசி அணிவகுக்கின்றன. ஸ்கார் உயரத்துப் பாறையில் நின்று கீழே பார்க்கிறான். நாஸி அணிவகுப்புகளின் சாயலை வேண்டுமென்றே கொண்டுவந்த காட்சி அது. ஒலியை நிறுத்தினாலும் ஒரு கொடுங்கோலன் உருவாகிறான் என்று சிறு பிள்ளைக்குக்கூடப் புரியும். 2019இல் பாடல் சுருங்கி, பெரும்பகுதி பேச்சாக வருகிறது. ஒலியை நிறுத்தினால் ஒரு சிங்கம் கழுதைப்புலிகளுக்கு நடுவே நடந்து திரிகிறது, அவ்வளவே.

முகத்துக்கு வருவோம். பழைய படத்தில் இறந்த தந்தையின் காதைக் குட்டிச் சிங்கம் சிம்பா கவ்வி இழுக்கிறது, பிறகு அவர் கையின் கீழ் புகுந்து படுக்கிறது. புருவம், கண்ணிமை, வாயின் ஓரம் எல்லாம் ஓவியர் கையில் இருக்கின்றன. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வளைக்கலாம். உண்மைச் சிங்கத்தின் முகத்தில் அந்த வசதி இல்லை. புதிய படத்தை எங்கள் வீட்டில் போட்டபோது, சோகமான ஓர் இடத்தில் என் மருமகள் மெல்லக் கேட்டாள்: "மாமா, இந்தச் சிங்கம் அழுகிறதா, கொட்டாவி விடுகிறதா?" விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு வரியில் கேட்டுவிட்டாள்.

வெளிச்சம் இன்னும் எளிது. காதல் பாடல் 'இன்றிரவு' என்று உருகுகிறது. 2019ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பாடலின் போது வெயில் அடிக்கிறது.

இப்படியே போனால் நான் என் கட்சிக்கு மட்டும் வாக்குச் சேர்த்தவன் ஆவேன். ஆகவே புதிய படத்தின் ஓர் இடத்தையும் பாருங்கள். சிம்பாவின் பிடரி மயிர்க் கற்றை ஒன்று காற்றில் பறந்து, ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, சாணவண்டு உருட்டி, எறும்புகள் தூக்கி, கடைசியில் கிழட்டுக் குரங்கு ரஃபிக்கியின் கைக்குச் சேர்கிறது. பழையதில் சில நொடிகளில் கடந்த விடயம் இது. இங்கே நின்று நிதானமாகப் போகிறது, அழகாகவும் இருக்கிறது. காரணத்தைத் தேடினால், அந்தக் காட்சியில் உணர்ச்சி காட்ட வேண்டிய முகமே இல்லை. வண்டும் எறும்பும் மண்ணும் உண்மைபோல இருந்தால் போதும். புதிய கருவி எதற்கு ஏற்றதோ அதைச் செய்யும்போது படம் உயிர் பெறுகிறது. பழைய படத்தின் வேலையை அதன் கையில் கொடுக்கும்போது திணறுகிறது. 'நன்று', 'நன்றில்லை' என்பதைவிட இப்படி ஒரு கண்டுபிடிப்பு கொப்பியில் ஏறினால் பயிற்சி பலித்தது என்று பொருள்.

தழுவலைத் தனியாக வையுங்கள்

ரீமேக் ஒரு படத்தைத் திரும்ப எடுப்பது. தழுவல் ஒரு நூலையோ பழங்கதையையோ படமாக்குவது. தொடக்கத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புவது இயல்பு.

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'த ஜங்கிள் புக்' 1894இல் வந்தது. அதில் மலைப்பாம்பு கா, காட்டில் வளரும் சிறுவன் மௌக்லிக்கு நண்பன், குரங்குக் கூட்டத்திடமிருந்து அவனைக் காப்பாற்றத் துணைபோனவன். 1967ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் அதே பாம்பு கண்ணைச் சுழற்றி மயக்கி விழுங்கப் பார்க்கிறது. குரங்கு ராஜா லூயி நூலில் இல்லவே இல்லை. அந்தப் படத்துக்காகப் பிறந்த ஒராங்குட்டான் அவர். இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் கிடையாது என்பதால் 2016ஆம் ஆண்டுப் படம் அவரை, அழிந்துபோன இராட்சதக் குரங்கு இனம் ஒன்றாக மாற்றியது. 'நூலில் இப்படி இல்லை' என்ற குற்றச்சாட்டை இந்த மூன்றிலும் வைக்கலாம். அதனால் எதுவும் விளங்காது. மாற்றியதால் என்ன கிடைத்தது என்று கேட்டால் விளங்கும். லூயியால் ஓர் அருமையான பாடல் கிடைத்தது. கா வில்லனானதால் மௌக்லிக்குக் காட்டில் ஒரு துணை குறைந்தது.

தமிழ் வாசகருக்கு இது புதிய பாடமும் அல்ல. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அவனை அவள்மேல் விரல் படாமல், குடிலை நிலத்தோடு பெயர்த்தெடுக்க வைக்கிறான். கம்பன் மூலத்தைக் கெடுத்துவிட்டான் என்று பட்டிமன்றத்தில்கூட யாரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இராமாயணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஜப்பானியரான யூகோ சாகோவின் முயற்சியில் இந்திய, ஜப்பானியக் கலைஞர்கள் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் கையால் வரைந்த இராமாயணப் படம், 2025 ஜனவரியில் இந்தியத் திரையரங்குகளுக்குத் தமிழ்க் குரலுடனும் திரும்ப வந்தது. பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் திருகோணமலைச் சுற்றுலாவில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவையும், தாயின் கிரியைக்காக அவன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர் ஊற்றையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளை உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விடை தேடி வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பிள்ளைக்கு அந்தப் போர் நடக்கும் ஊர் வெளியூர் இல்லை.

கடினமான படம்

ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்' அனிமேஷன் படத்தை எவரும் முதற்படமாகத் தொடக்கூடாது. ஆனால் தழுவல் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு படத்தை நான் அறியேன்.

அகியூகி நொசாகா தன் வாழ்க்கையை ஒட்டி 1967இல் எழுதிய சிறுகதை இது. 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சில் எரிகிறது. தாயை இழந்த சிறுவன் செய்தாவும் தங்கை செத்சுகோவும் ஓர் அத்தை வீட்டில் ஒதுங்குகிறார்கள். போகப் போக அத்தையின் பேச்சு தடிக்கிறது. உழைக்கிறவர்களுக்குச் சோறு, இந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி என்றாகிறது. தாயின் கிமோனோக்கள் அரிசியாக மாறுகின்றன. ஒருநாள் அண்ணனும் தங்கையும் வீட்டை விட்டு நீரோரத்துப் பதுங்குகுழி ஒன்றுக்குப் போய்விடுகிறார்கள். தகஹாதாவும் ஒன்பது வயதில் ஒகாயாமா குண்டுவீச்சிலிருந்து தப்பியவர். 1988இல் அவர் செய்த படத்தில், இறந்துபோன பிள்ளைகள் இருவரும் செந்நிற வெளிச்சத்தில் நின்று தங்கள் கதையைத் தாங்களே பார்க்கிறார்கள். வரைந்த படத்தில் இது உறுத்தாமல் அமைகிறது. உண்மை நடிகர்களை நிறுத்தினால் பேய்ப்பட வாடை வந்துவிடும்.

அதே கதையை 2005இல் ஜப்பானியத் தொலைக்காட்சி நடிகர்களை வைத்து எடுத்தது. அதில் கதை அத்தையின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. கணவன் போரில், வீட்டில் பிள்ளைகள், குறைந்துகொண்டே வரும் அரிசி. படத்தின் தரம் வேறு விடயம். ஆனால் திரும்ப எடுப்பதற்கான நியாயத்தை அது வேறு எவரும் தராத அளவு தருகிறது. முதற்படம் அமர்ந்திருந்த இருக்கையை விட்டெழுந்து எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறது. பெரும் செலவில் வரும் ரீமேக்குகள் பல அதே இருக்கையில் அமர்ந்து, திரையை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்குகின்றன. எனக்கு அவற்றின் மேலுள்ள மனத்தாங்கல் அதுதான்.

இந்தச் சோடியை யாழ்ப்பாணத்தில் போடும்போது அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்து, உறவினர் வீட்டு விறாந்தையில் மாதக்கணக்கில் இருந்தவர்கள் இருக்கலாம். அந்த விறாந்தையைக் கொடுத்தவர்களும், வந்தவர்களுக்கு அரிசி அளந்து போட்டவர்களும் இருக்கலாம். கதை என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் படத்துக்கு மட்டும் முடிவையும் சேர்த்துச் சொல்வது மரியாதை. எழும்பிப் போகிறவரிடம் ஏன் என்று கேட்கவேண்டாம். படம் முடிந்ததும் பேச்சுக்கு இழுக்காமல் தேநீரைக் கொடுத்து அனுப்புங்கள். பேச்சு அடுத்த நாள் தானாக வரும், பெரும்பாலும் அத்தையைப் பற்றியே வரும். சிறு பிள்ளைகளை இதற்கு அழைக்கக்கூடாது. வரைந்த படம்தானே என்று பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிவருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

குரல்கள்

தமிழ்க் குரலில் பார்ப்பதா, மூலக் குரலில் பார்ப்பதா என்று கேட்பார்கள். முதல் தடவை தமிழில் பாருங்கள், கண் எழுத்தைத் துரத்தாமல் படத்தில் இருக்கும். தெரிவுசெய்த காட்சியை மட்டும் மூலக் குரலில் திரும்பக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டுச் சிங்கத்துக்குத் தமிழில் சித்தார்த் சிம்பாவாகவும் அரவிந்த்சாமி ஸ்காராகவும் பேசியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தந்தை முஃபாசாவுக்கு 1994இலும் 2019இலும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்தான் பேசினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். நடுவில் 25 ஆண்டு ஓடியிருப்பது அந்தக் குரலில் கேட்கும்.

வீட்டில் படம் போடுவதானால்

புரொஜெக்டரை இரவல் வாங்கினால் ஏழு மணிக்கு முன் போடாதீர்கள், விறாந்தையில் வெளிச்சம் விடாது. வேட்டி கட்டித் திரையாக்குவதைவிட வெள்ளை அடித்த சுவர் நல்லது. வேட்டி மின்விசிறிக் காற்றில் ஆடும், சிங்கமும் சேர்ந்து ஆடும். படத்தைவிட ஒலியில் கவனம் வையுங்கள். மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கி பத்துப் பேருக்குப் போதாது. பக்கத்துக் கோயிலில் திருவிழா என்றால் நாளை மாற்றிவிடுங்கள், அந்த ஒலிபெருக்கியோடு போட்டிபோட எவராலும் முடியாது. கச்சானை உடைக்காமல் கொடுத்தால் சோகக் காட்சியில் 'டக் டக்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். உடைத்து, தோல் நீக்கிக் கொடுங்கள்.

வெளிநாட்டு உறவினரோடு சேர்ந்து பார்ப்பது இப்போது நம் வீடுகளில் சாதாரணம். சனிக்கிழமை இங்கே இரவு எட்டு மணி என்றால், கோடையில் லண்டனில் பிற்பகல் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. குளிர்காலத்தில் இரண்டு இடமும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். வீடியோ அழைப்பின் வழியாகப் படத்தைக் காட்டாதீர்கள், ஒலி முந்தும், படம் பிந்தும். அவரவர் தங்கள் வீட்டில் தங்கள் திரையில் போட்டு, முடிந்த பிறகு அழைப்பில் சேருங்கள். ஒரே நிறுவனத்தின் சேவையிலும் நாட்டுக்கு நாடு படப்பட்டியல் வேறுபடும். நாள் குறிக்கும் முன் எல்லோருக்கும் அந்தப் படம் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

பேசும்போது

ஒரு விதியைக் கடுமையாகக் கடைப்பிடியுங்கள்: ஒவ்வொருவரும் முதலில் ஒரு காட்சியைச் சொல்லவேண்டும், தீர்ப்பு அதற்குப் பிறகு. "படம் சரியில்லை" என்று தொடங்குபவரிடம் "எந்த இடத்தில், அண்ணா?" என்று பணிவாகக் கேளுங்கள். விடை இருந்தால் நல்ல பேச்சு கிடைக்கும். இல்லாவிட்டால் அவரே அடங்கிவிடுவார். குரல்பதிவு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், பெரிய மாமாவுக்கும் சலுகை கிடையாது.

பார்க்காத படத்தைப் பற்றிப் பேச இடம் கொடுக்காதீர்கள். 'த லிட்டில் மெர்மெய்ட்' ரீமேக்கில் நாயகியாகக் கறுப்பின நடிகை ஹாலி பெய்லி நடிப்பார் என்று 2019இல் அறிவித்த அன்றே உலகம் முழுவதும் சண்டை தொடங்கியது. படம் வந்தது 2023இல். நான்கு ஆண்டுகள், எவரும் பார்க்காத படத்துக்காக. மூலத்துக்கு விசுவாசம் என்று முழங்கியவர்களில் எத்தனை பேர் ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கதையை வாசித்திருப்பார்களோ தெரியாது. அதில் கடற்கன்னிக்கு இளவரசன் கிடைப்பதில்லை, அவள் நுரையாகிக் கரைகிறாள். திருமணத்தில் முடித்துவைத்தது 1989ஆம் ஆண்டு அனிமேஷன் படம்.

"கார்ட்டூன்தானே, பிள்ளைகளுக்கானது" என்று ஒதுங்குபவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். தகஹாதாவின் படத்தில் முதல் ஐந்து நிமிடத்தைக் காட்டுங்கள்.

அடுத்த கட்டம்

இரண்டு மூன்று சோடிகள் பழகியதும் பினோக்கியோவுக்குப் போங்கள். 1883இல் நூலாக வந்த கார்லோ கொலோடியின் கதை, 1940ஆம் ஆண்டு டிஸ்னி படம், 2022இல் டிஸ்னியே எடுத்த ரீமேக், அதே 2022இல் கியெர்மோ டெல் டோரோ பொம்மைகளை அசைத்து எடுத்த படம் என நான்கும் வரிசையாகக் கிடைக்கின்றன. டெல் டோரோ கதையை முசோலினியின் இத்தாலியில் வைத்தார். கீழ்ப்படியாத மரப்பொம்மை, கீழ்ப்படிதலையே கேட்கும் ஆட்சியில் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. பழைய டிஸ்னி படத்தை முதலில் பாருங்கள், அதன் ரீமேக்கை அடுத்து, டெல் டோரோவைக் கடைசியில். நூல் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் பிறகு. டிஸ்னியில் பாட்டுப் பாடி நல்ல வழி சொல்லும் அந்தச் சில்வண்டு, கொலோடியின் கதையில் அறிவுரை சொல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பினோக்கியோ எறிந்த சுத்தியலால் அடிபட்டுச் சாகிறது. உங்கள் குழுவில் அறிவுரை சொல்லிக்கொண்டே இருப்பவரிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள்.